எக்ஸ்-கதிர் வானியலும் தோட்டப்புற மாணவரும்: எங்கள் நிலைப்பாடு

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த பாடாங் செராய் வட்டாரத்தில், டியூஷன் வகுப்புகளுக்கே பணம் போதாதிருக்கையில், விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்குப் போதிப்பது அவசியந்தானா என்று பெற்றோர் சிலர் எழுப்பிய வினாவை நிதானமாக ஆராய்ந்த எங்கள் சங்கம், அது அவசியமே என்றும், எக்ஸ்-கதிர் வானியலின் பலன் மனித குலத்தின் பொதுச் சொத்தாக நிலைபெற வேண்டுமென்றும் அபிப்பிராயப்படுகிறது.

பல லட்சம் டிகிரி வெப்பமுற்ற வாயுவும், கருந்துளையைச் சுற்றிச் சுழன்று வீழும் பொருளும் எக்ஸ்-கதிர்களை இடையறாது வீசிக்கொண்டிருப்பினும், பூமியின் வாயுமண்டலம் அவற்றை உறிஞ்சிவிடுவதால், நம் கெடா மாநிலத்து லங்காவியிலுள்ள தேசிய வானாய்வகமேயாயினும் தரையிலிருந்து அவற்றைக் காண இயலாது. 1962-இல் ரிக்கார்டோ ஜியாக்கோனி குழுவினர் ராக்கெட்டில் அனுப்பிய கருவி, சில நிமிடங்களே உயரத்தில் நின்று, விருச்சிக நட்சத்திரக் கூட்டத்தின் திசையில் ஓர் எக்ஸ்-கதிர் மூலத்தைக் கண்டதே இத்துறையின் தொடக்கம். 1999 ஜூலையில் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கியிலோ, நேராக மோதும் எக்ஸ்-கதிர் கண்ணாடிக்குள் புகுந்து மறையுமாதலால், இரிடியம் பூசிய நான்கு ஜோடிக் கண்ணாடிகள் பீப்பாய்போல் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்க, குட்டை நீரின்மேல் சாய்வாக எறிந்த ஓட்டாஞ்சில்லு தத்திச் செல்வதுபோல், கதிர்கள் அவற்றின் உட்புறத்தை உரசிச் சென்று குவிகின்றன.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, வெள்ளைக் குள்ள நட்சத்திரத்தின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்ட இயலாதென்று கணித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை அத்தொலைநோக்கிக்குச் சூட்டலாமென்று, நாசா நடத்திய போட்டியில் எழுதி வென்றவர்கள் ஒரு பள்ளி மாணவரும் ஓர் ஆசிரியருமே. கோயம்புத்தூரில் பிறந்த பிரியம்வதா நடராஜன் இடம்பெற்ற குழு, சந்திராவும் வெப் தொலைநோக்கியும் அளித்த சான்றுகளைக்கொண்டு, பிரபஞ்சம் தோன்றி 47 கோடி ஆண்டுகளே ஆன காலத்துக் கருந்துளையொன்றை 2023-இல் அறிவித்தது. அவ்வாண்டே ஜப்பானின் கிரிஸம் எக்ஸ்-கதிர் தொலைநோக்கி விண்ணேறியது; 2024 ஜனவரி 1 அன்று, எக்ஸ்-கதிர்களின் முனைவாக்கத்தை (அவற்றின் அலைகள் அதிரும் திசையை) அளக்கும் இந்தியாவின் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது.

இத்தகைய வளர்ச்சிக்கு நடுவில், 2024 மார்ச்சில் வெளியான அமெரிக்க வரவுசெலவு முன்மொழிவு, சந்திராவின் ஆண்டு நிதியை ஏறத்தாழ 68 மில்லியன் டாலரிலிருந்து 41 மில்லியனாகக் குறைக்க முற்பட்டது. செலவுக்கு வரம்பு வேண்டுமென்பதை நாங்கள் மறுக்கவில்லை. எனினும் செவ்வனே இயங்கும் ஒரு கருவியை, அதன் பணியை ஏற்கத்தக்க வேறொன்று வருமுன் முடக்குவது சிக்கனமன்று, நஷ்டமே.

ஆதலின் எங்கள் நிலைப்பாடு இது:

1. சந்திராவின் ஆய்வுப்பணி உரிய நிதியுடன் தொடர வேண்டும்.

2. குறித்த காலத்துக்குப்பின் அதன் பதிவுகளை எவரும் கட்டணமின்றிப் பெறலாமென்னும் இன்றைய முறையை எல்லா நாட்டுத் தொலைநோக்கிகளும் கைக்கொள்ள வேண்டும்.

3. இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் கழகங்கள், அத்தொலைநோக்கிகளின் படங்களையும் பதிவுகளையும் கொண்டு, மாணவருக்குத் தமிழிலேயே இத்துறையை விளக்க வேண்டும்.

கூலிம் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் நம் இளைஞர் அறிந்த சிலிக்கான் சில்லுகளே, விண்ணில் எக்ஸ்-கதிர்களை உணரும் கருவிகளிலும் இருக்கின்றன. ஆகவே இக்கல்வி நமக்கு அந்நியமானதன்று. ஒரு கணினியும் ஆசிரியரின் ஒரு மாலைப்பொழுதும் இதற்குப் போதுமாதலின், டியூஷன் நிதியில் ஒரு ரிங்கிட்டும் குறையாது. பெற்றோர் தம் பிள்ளைகளை அறிவியல் கழகங்களுக்குத் தடையின்றி அனுப்பி ஒத்துழைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.