இளம் அணிக்குக் கொஞ்சம் அவகாசம்

என்.பி.ஏ. கூடைப்பந்து சீசன் தொடங்கிப் பத்து ஆட்டம் ஆவதற்குள், இளம் அணி ஒன்றைத் 'தேறாது' என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். ஒக்லஹோமா சிட்டி தண்டர் அணியைப் பாருங்கள். 2008-09 சீசனில் முதல் 32 ஆட்டங்களில் அது வென்றது மூன்றே! டுரான்ட், வெஸ்ட்புரூக் இருவருக்கும் அப்போது வயது 20. நடுவில் பயிற்சியாளரை மாற்றினார்கள். அந்தப் பையன்களைக் கைவிடவில்லை. அந்த சீசனை 23 வெற்றிகளோடு முடித்த அணி, மறு சீசனில் 50 ஆட்டங்களை வென்றது. 2012-இல் இறுதிச் சுற்றுக்கே வந்துவிட்டது.

ரயில்வேயில் புதிதாகப் போட்ட பாதையில் முதல் நாளே எக்ஸ்பிரஸை முழு வேகத்தில் விடமாட்டோம். ஜல்லி இறுகும் வரை வேகக் கட்டுப்பாடு உண்டு. பிறகு படிப்படியாகத் தளர்த்துவோம். இளம் அணிக்கும் அந்த அவகாசம் வேண்டும். தோல்விகளை எண்ணுவதை விட்டு, ஆட்டத்துக்கு ஆட்டம் தவறுகள் குறைகின்றனவா என்று பார்ப்போம் என்பதே என் கட்சி.