வண்டியின் தூய்மை வாளியில் இல்லை

காரைச் சுத்தமாக வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்டால் வாளி, துணி, சோப்பு நுரை என்றுதான் எல்லோரும் பதில் சொல்வார்கள். அழுக்காகாமல் ஓட்டுவது எப்படி என்று எவரும் கேட்பதில்லை. முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுவே என்பது என் கருத்து.

என் தாய்மாமா வாடகைக் கார் ஓட்டுகிறார். ஞாயிறுதோறும் அதைக் கழுவித் தருவது என் பொறுப்பு. எங்கள் தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். ஆகவே ஒவ்வொரு வாளிக்கும் கணக்கு உண்டு. மாமா ஓட்டிய வாரத்தில் இரண்டு வாளி போதும். அவர் காய்ச்சலில் படுத்து, ஆக்டிங் டிரைவர் ஒருவர் ஓட்டிய வாரத்தில் ஐந்து வாளி ஊற்றியும் முன்சக்கரங்களின் கருமை போகவில்லை. அதே கார், அதே ஊர், அதே சாலைகள். மாறியது ஓட்டியவரின் கால் மட்டுமே!

அந்தக் கருமை வெறும் சாலைப் புழுதியன்று. பிரேக் பேடும் டிஸ்கும் உராய்ந்து உதிர்ந்த துகளே அதில் மிகுதி. இயற்பியல் வகுப்பில் படித்த பாடம் இங்கே கைகொடுக்கிறது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல், வேகத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காரை நிறுத்துவதைவிட, 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே காரை நிறுத்த பிரேக் நான்கு மடங்கு ஆற்றலை ஏற்கவேண்டும். அவ்வாற்றல் வெப்பமாகிறது, கூடவே பேடும் தேய்கிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்பக்கம் சாய்வதால் முன்சக்கரங்களுக்கே வேலை அதிகம், அழுக்கும் அதிகம். சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே கண்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுபவருக்கு இத்தொல்லை குறைவு.

சக்கரத்தில் ஒட்டாத துகள் எங்கே போகிறது? காற்றில் கலந்து நம் மூச்சில் ஏறுகிறது. புகைக்குழாயைக் கட்டுப்படுத்த நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறையில் உள்ளது. பிரேக் துகளோ புகைக்குழாய் வழியே வருவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் ஏற்ற யூரோ 7 விதிகளில் அதற்கும் வரம்பு வகுத்திருக்கிறார்கள்.

முன்னே போகும் லாரியை ஒட்டியே செல்பவர், அது கிளப்பும் புழுதியையெல்லாம் தம் கண்ணாடியில் வாங்கிக்கொள்கிறார். சற்று இடைவெளி விட்டால் பெரும்பகுதி தரையிலேயே அடங்கிவிடும். மழைக்காலத்திலும் இதே கதைதான். தேங்கிய நீரில் மெல்லச் சென்றால் நீர் விலகி வழிவிடும். விரைந்து சென்றால் டயர் அதை வாரி இறைக்கும். ஒரு பங்கு காரின் அடியிலும் பக்கங்களிலும் அப்பிக்கொள்கிறது. மறுபங்கு யார் மீது?

சென்ற நவம்பரில் செய்முறைத் தேர்வன்று பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். கழுவித் துடைத்துப் பளபளத்த கார் ஒன்று பள்ளத்து நீரில் பாய்ந்து சென்றது. என் வெள்ளைச் சட்டை போனது போகட்டும். ரெக்கார்டு நோட்டில் நான்கு பக்கங்கள் மை கரைந்து போயின. அருகில் நின்ற பூக்கார அம்மாளின் கூடையில் அன்றைய முதல் முழுவதும் சேறாயிற்று. அக்காரின் சேற்றை மறுநாள் ஒரு வாளி நீர் போக்கியிருக்கும். அந்தப் பூவை எந்த நீரால் கழுவுவது?

சாலையே பள்ளமாக இருந்தால் ஓட்டுநர் என்ன செய்வார் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பள்ளத்தை மூடவேண்டியவர்கள் மூடத்தான் வேண்டும். ஆனால் மூடும்வரை வேகத்தைக் குறைப்பது நம் கையில், அல்ல, நம் காலில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. “வண்டிய நான் ஓட்டுறேன் மாப்ளே, என்னை வாட்ச்சு ஓட்டுது” என்பார் மாமா. பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பிவிட்டு, “சீக்கிரம் போங்கள்” என்று பின்னிருக்கையிலிருந்து விரட்டும் பயணிக்கும் அந்தச் சேற்றில் பங்கு உண்டு.

நாளை வேலை கிடைத்துக் கார் வாங்கப்போகும் நண்பர்களே! மரத்தடியில் விழும் பறவை எச்சத்தை நம்மால் தடுக்கமுடியாது. மற்ற அழுக்கில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். பத்து நிமிடம் முன்னதாகப் புறப்படுங்கள். நீர் தேங்கிய இடத்தில் வேகத்தைக் குறையுங்கள். சாலையோரம் நிற்பவரின் உடை சுத்தமாக இருக்கும்படி ஓட்டினால், உங்கள் காரும் சுத்தமாகத்தான் வீடு வந்து சேரும்.