அட்டையில் இருப்பவர் பாடகர் அல்ல

போன வாரம் காந்தி சிலைக்குப் பக்கத்தில் வழக்கம்போல் நாங்கள் நான்கு கிழவர்கள் உட்கார்ந்திருந்தோம். பிரான்சிலிருந்து வந்திருந்த என் பேத்தி கொண்டுவந்த இசைப் பத்திரிகை ஒன்று என் கையில் இருந்தது. அட்டையில் கண்ணுக்கு மை பூசிய ஒரு பாடகர். அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துப் பசங்க அட்டையப் பாத்தே ஏமாந்து போறாங்க சார். நம்ம காலத்துல இப்படியா?" என்றார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

அப்படித்தான் சார். நம் காலத்திலும் அப்படியேதான். அன்று இருட்டிவிட்டதால் சொல்லி முடிக்க முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

1960களின் நடுப்பகுதி. பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் சொல்தா வீட்டுப் பையன் ஒருவன். அவனுடைய அண்ணன் பிரான்சிலிருந்து அனுப்பும் பார்சலில் 'சல்யு லே கொப்பேன்' என்ற மாத இதழும் வரும். 'வணக்கம் கூட்டாளிகளே' என்று பொருள். ஐரோப் 1 வானொலியில் 1959இல் அதே பெயரில் தொடங்கிய நிகழ்ச்சி, 1962இல் பத்திரிகை ஆனது. முதல் இதழின் அட்டையில் ஜானி அலிடே. அடுத்த ஆண்டு ஜூன் 22 அன்று, பத்திரிகையின் முதல் பிறந்தநாளுக்காகப் பாரிஸ் நாசியோன் சதுக்கத்தில் வைத்த இலவசக் கச்சேரிக்குச் சுமார் ஒன்றரை லட்சம் இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். பிரான்சின் பெரியவர்கள் மிரண்டே போனார்கள்.

இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு அட்டை. நண்பன் ஒரு நாள் ஜானி படம் போட்ட அட்டையை மட்டும் கிழித்து, "உள்ள இருக்கிறது எனக்கு, இது உனக்கு" என்று கொடுத்தான். வீட்டில் என் படுக்கைக்கு மேலே சோற்றுப் பசை வைத்து ஒட்டினேன். தலையை அவர் மாதிரி வாரிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இசைத்தட்டுப் பெட்டி கிடையாது. ஜானியின் பாட்டில் ஒரு வரிகூட நான் கேட்டதில்லை. ஆனாலும் நான் ஜானியின் ரசிகன்! அவர் குரலை முதன்முதலாகக் கேட்டது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

பாட்டே கேட்காதவனை ரசிகனாக்கிய அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது? படத்தில் இருப்பவர் நேராக என் கண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவர் 'மிஸ்யே அலிடே' அல்ல, வெறும் ஜானி. அதுபோலவே சில்வி, பிரான்சுவாஸ், ஷீலா. எல்லாருமே வீட்டுப் பெயர் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். மேலே பத்திரிகையின் பெயரே என்னைக் கூட்டாளி என்று கூப்பிட்டது. பதினைந்து வயதுப் பையனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதைத் தற்செயல் என்று நினைக்காதீர்கள். பத்திரிகையை நடத்திய தானியேல் பிலிபாக்கியும் பிராங்க் தெனோவும் ஜாஸ் பித்தர்கள். அதே வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தியவர்கள். 'ஜாஸ் மகஸின்' என்ற இதழும் அவர்கள் கையில்தான் இருந்தது. ஜாஸ் கேட்கும் பெரியவருக்கு ஒரு முகம், பள்ளிக்கூடப் பையனுக்கு வேறொரு முகம். 1964இல் பெண் பிள்ளைகளுக்கென்று தனியாக 'மத்முவாசேல் ஆஜ் தாந்த்ர்' என்ற இதழையும் கொண்டுவந்தார்கள். வயது பார்த்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, ஆளுக்கு ஒரு கடை விரித்தார்கள். முதலில் வாசகரை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற முகத்தைத் தேடுகிற தொழில் இது.

என் அப்பா அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "படிக்கிற வயசுல இவன் மூஞ்சி எதுக்குடா செவுத்துல?" என்று சுரண்டி எடுத்துவிட்டார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. இன்று நினைத்தால், அப்பா கோபப்பட்டது சரி, ஆனால் காரணம் தவறு. ஜானி என்னைக் கெடுக்கவில்லை. அந்த அட்டை விற்ற சரக்கு ஜானியே அல்ல. அவரைப் பார்க்கிற பையன்தான் சரக்கு. அவனை உள்ளே இழுத்து, இசைத்தட்டுக்காரனுக்கும் துணிக்கடைக்காரனுக்கும் கை காட்டிவிட வேண்டும். அவர்கள் தேடிய பையன் பாரிசில் கையில் காசோடு இருந்தான். சைக்கிள்கூட இல்லாத புதுச்சேரிப் பையனை அவர்கள் கூப்பிடவே இல்லை. யாரையோ கூப்பிட்ட குரலுக்கு நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். அது புரிய எனக்குப் பாதி ஆயுள் ஆயிற்று.

"கடை என்றால் போர்டு வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும்தான். அரிசிக் கடைப் பலகை உள்ளே அரிசி இருக்கிறது என்று சொல்லும். இந்தப் பலகையோ, நீ எப்படிப்பட்ட ஆள் என்று உனக்கே சொல்கிறது. இதில் அடிபடுவது இசை. படத்துக்கு எடுப்பாக இல்லாதவருக்கு அட்டையில் இடமில்லை. பாட்டெழுதியவர், மெட்டமைத்தவர், பின்னால் உட்கார்ந்து வாசித்தவர் யாருமே அங்கே வரமாட்டார்கள். நம் சினிமா கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். அட்டையில் வாயசைத்த நடிகர் இருப்பார்; பாடிய மனிதரின் முகம் இருக்காது.

இப்போது என் நண்பருக்கு வருகிறேன். இளைஞர்கள்தான் ஏமாறுகிறார்களா? 1993இல் இங்கிலாந்தில் 'மோஜோ' என்ற இசைப் பத்திரிகை தொடங்கியது. முதல் இதழின் அட்டையில் பாப் டிலனும் ஜான் லெனனும். அப்போது லெனன் இறந்து 13 ஆண்டுகள்! யாருக்காக அந்த முகம்? தலை நரைக்கத் தொடங்கி, வேலையும் சம்பளமும் நிலைத்துவிட்டவர்களுக்காக. இளைஞனுக்கு 'நீ இப்படி ஆகலாம்' என்று காட்டுகிறது அட்டை. நமக்கு 'நீ இப்படி இருந்தாய்' என்று காட்டுகிறது. இரண்டில் எது பெரிய பொய் என்று நீங்களே சொல்லுங்கள்.

சாட்சி வேண்டுமென்றால் நானே இருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மகளைப் பார்க்கப் பாரிஸ் போயிருந்தபோது, ரயில் நிலையப் புத்தகக் கடையில் ஜானியின் இளவயதுப் படம் போட்ட சிறப்பிதழைப் பார்த்தேன். கால் தானாக நின்றது. ரயிலில் பிரித்தால் பழைய படங்கள், நாலு வரிக் குறிப்புகள், இடையிடையே காது கேட்கும் கருவிக்கும் முதியோர் காப்பீட்டுக்கும் விளம்பரம். அப்பா சுரண்டி எடுத்த அட்டையைத்தான் அன்று திரும்ப வாங்கினேன், பென்ஷன் பணத்தில்.

ஆகவே பேரப்பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்துவோம். அட்டையைப் பிடுங்காமல், "உள்ளே என்ன இருக்கிறது, அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டு" என்று கேட்போம். என் பேத்தியிடம் கேட்டேன். கண்ணில் மை பூசியவர் நன்றாகவே பாடுகிறார்.

பிரெஞ்சில் 'கொப்பேன்' என்ற சொல்லின் வேர், ரொட்டியைப் பங்கிட்டு உண்பவன் என்பது. அட்டையிலிருந்து ஒருவர் நம்மைக் கூட்டாளி என்று கூப்பிட்டால், ரொட்டிக்குக் காசு கொடுப்பது யார் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.