காயல் தந்த பாடம்

 

சென்ற விடுமுறையில் மதரஸா மாணவர்கள் பதினைந்து பேருடன் நெல்லையிலிருந்து வேனில் புறப்பட்டு, தாமிரபரணி செல்லும் திசையிலேயே கிழக்கு நோக்கிச் சென்றேன். பழம்பெரும் துறைமுகங்களை அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆவல்.

ஏரலைக் கடந்து கொற்கையில் இறங்கியதும் ஒரு மாணவன், "ஹஜ்ரத், கடல் எங்கே?" என்று வினவினான். நியாயமான வினாதான். முத்துக்குப் பெயர்பெற்ற பாண்டியர் துறைமுகத்தில் நாங்கள் கண்டவை நெல் வயலும் வாழைத் தோட்டமுமே. கடலோ பல கிலோமீட்டர் தொலைவில்! பொதிகையில் பிறந்த ஆறு நூற்றாண்டுகளாகக் கொணர்ந்து குவித்த வண்டல், கடலை அப்புறப்படுத்திவிட்டது.

கொற்கை தூர்ந்தபின் காயல் தழைத்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளுடன் கப்பல்கள் வந்ததைக் குறித்துள்ளார். ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் பாண்டியருக்கு வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். பாண்டிய மன்னரின் அமைச்சராக தக்கியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் பெருமகன் விளங்கியதையும் அவரே தெரிவிக்கிறார். மார்க்கோ போலோ கண்ட காயல் இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல்லின் கருத்து. அதையும் ஆறு விட்டுவைக்கவில்லை. கடல் அங்கிருந்தும் விலகியது.

அஸருக்குக் காயல்பட்டினம் சேர்ந்தோம். 1986 முதல் இவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. 17-ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் பிறந்த மண். கற்றூண்கள் தாங்கும் பழம் பள்ளிவாசல்களைக் கண்டு மாணவர்கள் வியந்தனர். அடக்கத்தலத்தில், உப்புக்காற்றில் தேய்ந்த ஒரு மீசான் கல்லை விரலால் தடவிய சிறுவன், "ஹஜ்ரத், இதை என்னால் ஓத முடிகிறதே!" என்று மகிழ்ந்தான்.

என் நெஞ்சு சுருக்கென்றது.

பல்லாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் பணிபுரிந்தேன். அங்குப் பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது, எழுத்துள்ள கல்லொன்றைப் பெயர்த்து அஸ்திவாரத்தில் இட்டார்கள். கல்லூரியில் வரலாறு பயின்றவன் நான். அரபும் அறிவேன். ஆயினும் அதைப் படித்துப் பார்க்கவில்லை, தடுக்கவுமில்லை. புதிதாக வந்தவன் பேசலாமா என்ற தயக்கம்! அக்கல்லில் எவர் பெயர் இருந்ததோ, இனி எவருக்கும் தெரியாது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இயற்கையின் வலிமைக்கு முன் நாம் எம்மாத்திரம்? கடல் விலகுவதையும் வெள்ளம் வருவதையும் நாம் தடுக்க இயலாது. ஆனால் கடப்பாரையும் சுண்ணாம்பு மட்டையும் நம் கையில்தானே இருக்கின்றன?

ஆகவே ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியைத் தாராளமாகப் புதுப்பியுங்கள். அதற்கு முன் எழுத்துள்ள ஒவ்வொரு கல்லையும் படம் எடுங்கள். ஓதத் தெரிந்தவரைக் கொண்டு படியுங்கள். தொல்லியல் துறையினருக்குத் தெரிவியுங்கள். எழுத்தின்மேல் வர்ணம் பூசாதீர்கள்.

பெற்றோர்களே! கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, அரை மணி நேரம் அந்தப் பழங்கற்களின் அருகிலும் நிறுத்துங்கள். பூமியில் பயணம் செய்து முன்னோர் நிலையைச் சிந்திக்கத் திருமறை தூண்டுகிறதல்லவா?

திரும்பும் வழியில் அச்சிறுவன் தன் ஏட்டில் அந்தக் கல்லின் பெயரை எழுதிக்கொண்டிருந்தான். நான் செய்யத் தவறியதை அவன் செய்தான். அல்ஹம்துலில்லாஹ்.