நாய்க்கு ஏற்றிய பெயர்

நாய்க்குப் பெயர் மாற்றுவதும் ஒரு தொண்டோ என நகைப்பவர் நாட்டில் நிரம்ப உளர். நகைக்கத்தக்க பெயர்மாற்றங்கள் நடந்ததும் உண்மையே. 1914-இல் முதல் உலகப்போர் மூண்டதும், செருமானியப் பெயர் எதுவாயினும் பிரித்தானியர்க்குக் கசந்தது. 1917-இல் அவர்தம் மன்னர் குடியே தன் செருமானியப் பெயரைக் களைந்து 'விண்ட்சர்' ஆயிற்று. போர் முடிந்தும் கசப்புத் தீரவில்லை. 1919-இல் அந்நாட்டு நாய்க்கழகப் பதிவேட்டில் ஏறிய செருமானிய மேய்ப்பு நாய், அல்சேசு நிலத்தின் பெயரால் 'அல்சேசிய ஓநாய்நாய்' ஆயிற்று. பிறந்த பெயரை அது மீளப் பெற்றதோ 1977-இல்! அமெரிக்கரும் தாக்சுண்டு என்னும் குட்டைக்கால் நாயை 'விடுதலை நாய்' என்றனர். பெயர் மாறியதால் எந்த நாயும் தன் குரைப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

இந்நகைப்பை நம் தெருநாயின் பெயருக்கும் நீட்டுவது முறையாகுமா? அங்கே ஒரு நாட்டின் மேலிருந்த பகை, நாயின்மேல் ஏறியது. இங்கோ ஒரு மக்களின் பெயரையே பிடுங்கி, வளர்ப்பாரற்றுத் திரியும் நாய்க்குச் சூட்டினர். 'பறையா நாய்' என்னும் ஆங்கிலர் வழக்கு, 1886-இல் வெளிவந்த 'ஆப்சன் சாப்சன்' என்னும் சொற்றொகையிலும் இடம்பெற்றது. பிணந்தின்னும் பருந்துக்கும் அதே பெயரை ஒட்டினர். பிறர் ஒதுக்கிய ஆளையும் நாட்டையும் ஆங்கில இதழ்கள் இன்றும் அச்சொல்லாலேயே சுட்டுகின்றன.

பழி ஆங்கிலனை மட்டுமே சாருமா? அவன் இவ்விழிவைத் தானே படைத்தானல்லன். ஊரையும் சேரியையும் பிரித்துவைத்த நம் சாதிச் செருக்கைக் கண்டான். அதனை உலகெங்கும் பரப்பினான். விதைத்தவர் நாமே!

அப்பெயரில் என்ன இழிவு உளது? பறைதல் என்றால் சொல்லுதல். செய்தியை ஊரறியச் சொல்லிய கருவி பறை. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் உயர்த்திக் கூறும் நான்கு குடிகளுள் பறையனும் ஒருவன். இரட்டைமலை சீனிவாசனார் 1893-இல் தொடங்கிய தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். தலைநிமிர்ந்து சூடிய அப்பெயரை நாயின் கழுத்தில் கட்டுவது எவ்வளவு கொடுமை!

தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா? நாட்டுநாய் என்க, தெருநாய் என்க, ஞமலி என்னும் பழஞ்சொல்லும் உளது. கோம்பை, சிப்பிப்பாறை, இராசபாளையம் என ஊர்ப்பெயரால் நாயை வழங்குவதே நம் மரபு. 2005-இல் இந்திய அஞ்சல்தலையில் ஏறியதும் இராசபாளையம் என்னும் ஊர்ப்பெயர்தானே?

பெயர் மாறினால் நாய்க்கு ஊதியம் ஒன்றுமில்லை. தன் குடிப்பெயர் வசையாக ஒலிக்கக் கேட்டுத் தலைகுனியும் பள்ளிச் சிறுவனுக்கு உண்டு. அவன்பொருட்டேனும் அச்சொல் நம் வாயினின்றும் எழுத்தினின்றும் ஒழிக!