மணி பிளான்ட்டுக்கு எதுக்குங்க வயல் மருந்து?

இந்தப் பதிவுல கொஞ்சம் சூடு இருக்கும். விஷயம் அப்படி. பொறுத்துக்கிட்டுப் படிங்க.

தாம்பரம், சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம், வண்டலூர்னு இந்தப் பக்கம் குடியிருக்கிற பலர் எங்ககிட்ட கீரையும் காயும் வாங்குறாங்க. எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான்: "மருந்து அடிக்காததுதானே?" நல்ல கேள்வி. கட்டாயம் கேட்கணும்.

ஆனா அதே ஆளுங்க, பொங்கல் முடிஞ்சு வெயில் ஏற ஆரம்பிச்சதும் போன்ல ஒரு படம் அனுப்புறாங்க. ஹால்ல வெச்ச மணி பிளான்ட், ஆந்தூரியம், ஃபைகஸ். இலையில வெள்ளி பூசின மாதிரி கோடு. இலைக்குப் பின்னாடி மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. குருத்து சுருண்டு கிடக்கு. படத்துக்குக் கீழே ஒரு வரி: "அண்ணே, நீங்க வயலுக்கு அடிக்கிற ஸ்ட்ராங்கான மருந்து கொஞ்சம் கிடைக்குமா?"

கிடைக்காது. ஏன் கிடைக்காதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல அது என்னன்னு தெரிஞ்சுக்குங்க. அதுக்குப் பேர் இலைப்பேன். உங்க நர்சரிக்காரர் த்ரிப்ஸ்னு சொல்லுவார். ஒரு மில்லிமீட்டர், ரெண்டு மில்லிமீட்டர் நீளம்தான். இலையைச் சுரண்டிச் சாறை உறிஞ்சும். சுரண்டின இடம் காஞ்சு வெள்ளியாத் தெரியும். கறுப்புப் புள்ளி அதோட எச்சம். சந்தேகமா இருந்தா ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடிச்சு இலையைத் தட்டுங்க. சின்னச் சின்னக் கோடு மாதிரி விழுந்து, கொஞ்ச நேரத்துல நகர ஆரம்பிக்கும்.

இதே இனத்தைச் சேர்ந்த பேன் எங்க நெல் நாத்தங்கால்லயும் வரும். இலை நுனி ஊசி மாதிரி சுருண்டுடும். நாங்க என்ன பண்றோம் தெரியுமா? உள்ளங்கையைத் தண்ணியில நனைச்சு நாத்து மேல தடவிக்கிட்டே போவோம். கையில ஒட்டுற பேனை எண்ணுவோம். 12 தடவை தடவினதுல 60 பேன் வந்தாத்தான் மருந்தைப் பத்தியே யோசிக்கணும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. அதுக்கு முன்னாடி, நாத்து முங்குற அளவுக்கு ஒண்ணு ரெண்டு நாள் தண்ணி கட்டுவோம். பாதிப் பேன் அதுலயே போயிடும்.

யோசிச்சுப் பாருங்க. ஒரு போகமே அந்த நாத்தை நம்பி இருக்கிறவன் 60 வரைக்கும் எண்ணுறான். 150 ரூபாய்ச் செடியில மூணு பேனைப் பார்த்தவர் விஷம் கேட்கிறார்.

எங்க ஊர்க்காரங்க எல்லாரும் மருந்தே தொடாத மகான்கள்னு நான் சொல்ல வரலை. அடிக்கிறவங்க இருக்காங்க. ஆனா அடிக்கிறவன் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்துதான் நிப்பான். அடிச்ச வயல்ல மாட்டை விடமாட்டான். புள்ளைங்களை வரப்புப் பக்கமே அனுப்பமாட்டான். வேலை முடிஞ்சதும் நேரா மோட்டார் கொட்டகைக்குப் போய்க் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். நீங்க அடிக்கப்போற இடம் ஜன்னல் சாத்தி ஏசி ஓடுற ஹால். அங்கே காத்து எந்தப் பக்கம் அடிக்கும்? அடிச்சுட்டு எங்கே போவீங்க? அதே சோபாவுலதானே உட்காருவீங்க? அதே தரையிலதானே குழந்தை தவழும்?

மூடின அறையில விஷம் என்ன பண்ணும் என்பதை நம்ம பக்கத்துலயே பார்த்துட்டோம். 2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டுல எலிக்கு மருந்து வெச்சாங்க. ஏசி அறையில குடும்பமே படுத்திருந்தது. ரெண்டு குழந்தைகள் இறந்துபோச்சு. பெத்தவங்க ஆஸ்பத்திரியில கிடந்தாங்க. அது எலி மருந்து, இது செடி மருந்து. ரெண்டும் வேற வேறதான், ஒத்துக்கிறேன். ஆனா வெளிக்காத்து இல்லாத அறைன்னா எந்த விஷத்துக்கும் போக்கிடம் கிடையாது. அந்தச் செய்தியைப் படிச்சு ஒரு வாரம் பேசினோமே, அதுக்கப்புறம் அலமாரியில இருக்கிற பாட்டிலை ஒரு தடவையாவது எடுத்துப் பார்த்தோமா?

"ரெண்டு சொட்டுதானே அண்ணே"ம்பாங்க. வயல் மருந்தோட அளவு ஏக்கருக்கு இவ்வளவுன்னு எழுதினது. ஒரு தொட்டிக்கு எவ்வளவுன்னு அதுல எங்கேயும் எழுதலை. நீங்க ஊத்துற ரெண்டு சொட்டு, மூடிக்கணக்குல ஊத்துற குத்துமதிப்பு. சிலர் "மேல தெளிக்கலை, மண்ணுலதான் ஊத்துறேன், செடியே உறிஞ்சிக்கும்"ம்பாங்க. அந்த மண்ணைத் தோண்டி விளையாடுற குழந்தைக்கும், அந்த இலையைக் கடிக்கிற பூனைக்கும் அது தெரியுமா?

"நர்சரிக்காரரே கொடுத்தாரு"ன்னு இன்னொரு பதில். எதுல கொடுத்தார்? பழைய தண்ணி பாட்டில்ல ஊத்தி, மேல பேர்கூட எழுதாம. 1968-ஆம் வருஷத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. உரிமம் வாங்கினவர்தான் விக்கணும். சீல் வெச்ச டப்பாவுல, லேபிளோட விக்கணும். லேபிள்ல எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவுன்னு இருக்கணும். கூடவே ஒரு நிறக்குறி இருக்கும். சிவப்புன்னா மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில பச்சை. பச்சைன்னாலும் பாயசம் இல்லை, விஷம்தான், வீரியம் கம்மி. லேபிளே இல்லாத பாட்டில்ல என்ன நிறம்னு எப்படிப் பார்ப்பீங்க? அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போனா டாக்டர் கேட்கிற முதல் கேள்விக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005-லயே தடை வந்தது. அப்புறமும் வருஷக்கணக்கா மத்த பயிரைச் சாக்காச் சொல்லிக் கடையில இருந்தது. அதை மாதிரி ஒரு டப்பா உங்க பால்கனி மூலையில தூங்கிக்கிட்டு இருக்கலாம்.

சரி, ஆபத்தை விடுங்க. வேலையாவது செய்யுதா? அதுவும் இல்லை. பெரும்பாலான இலைப்பேன் வகைகள் முட்டையை இலைமேல வைக்காது. இலைத் தசையைக் கீறி உள்ளே வைக்கும். பொரிஞ்ச குஞ்சு கொஞ்ச நாள் இலையைத் தின்னும். அப்புறம் பெரும்பாலான வகைகள் மண்ணுல விழுந்து, தின்னாம கொள்ளாமக் கூட்டுப்புழுவாக் கிடக்கும். பிறகு றெக்கை முளைச்சு மேல வரும். நம்ம ஊர் சூட்டுக்கு எல்லாம் ஏறக்குறைய ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். பல வகைகள்ல ஆண் சேராமலே முட்டை வைக்கும். இப்போ நீங்க இலைமேல மருந்து அடிச்சா இலைமேல இருக்கிறது மட்டும்தான் சாகும். இலைக்குள்ள முட்டையும் மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவும் பத்திரமா இருக்கும். பத்து நாள் கழிச்சு மறுபடி படம் அனுப்புவீங்க: "அண்ணே, இன்னும் ஸ்ட்ராங்கா வேணும்."

இந்த "இன்னும் ஸ்ட்ராங்கா" எங்கே கொண்டுபோய் விடும்னு மிளகாய்க்காரங்களைக் கேளுங்க. தென்கிழக்காசியாவைச் சேர்ந்த ஒரு கறுப்பு இலைப்பேன் இந்தியாவுல முதல்ல 2015-ல பெங்களூரு பக்கம் பப்பாளியில தெரிஞ்சது. 2021-22 பருவத்துல ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க்காட்டுக்குள்ள பூந்து பூவையே தின்னுடுச்சு. விவசாயிங்க மருந்து மேல மருந்து மாத்தி அடிச்சாங்க. பணம் போச்சு, பயிரும் போச்சு. கண்ட மருந்தைக் கலந்து அடிக்காதீங்க, நீல ஒட்டுப்பொறி வைங்கன்னு ஆராய்ச்சி நிலையங்கள் சொல்ல வேண்டி வந்தது. அதே பூச்சி 2020-ல அமெரிக்காவுல ஃபுளோரிடாவுலயும் தெரிஞ்சது, அதுவும் அலங்காரச் செடியில. புதுச்செடி வாங்குறப்போ கூடவே பூச்சியும் வீட்டுக்கு வரும் என்பதுக்கு இதைவிடச் சாட்சி வேணாம். ஜிஎஸ்டி ரோட்டுலயும் ஈசிஆர்லயும் விக்கிற செடிகள்ல நிறைய, ஆந்திராவுல கடியம் பக்கத்துல இருந்து லாரியில வர்றதுதான்.

ஒரு வேடிக்கையும் சொல்லணும். ஹால்ல செடி வைக்கிறதுக்குப் பலர் சொல்ற காரணம், "காத்தைச் சுத்தம் பண்ணும், நாசாவே சொல்லியிருக்கு." 1989-ல நாசா ஒரு ஆய்வு பண்ணினது உண்மை. சின்ன மூடின பெட்டிக்குள்ள செடியை வெச்சுப் பார்த்தாங்க. உங்க ஹால் அந்தப் பெட்டி இல்லை. அப்படியே வெச்சுக்கிட்டாலும், காத்தைச் சுத்தம் பண்ண வாங்கின செடிக்காக அதே காத்துல விஷத்தைக் கலக்குறது என்ன கணக்கு?

சரி, என்னதான் பண்றது? வயல்ல எங்களுக்கு மழை இருக்கு, பொறிவண்டு இருக்கு, கண்ணாடி இறக்கைப் பூச்சி இருக்கு. உங்க ஹால்ல இதெல்லாம் கிடையாது. அந்த வேலையை நீங்கதான் செய்யணும்.

செடியை மத்த செடிகள்ல இருந்து தள்ளி வைங்க. ரொம்பச் சுருண்ட இலையை வெட்டி, கவர்ல கட்டிக் குப்பையில போடுங்க. ஃபைகஸ் இலை ரெண்டா மடிஞ்சிருந்தா பேன் அதுக்குள்ளதான் குடும்பம் நடத்தும். எந்தத் தெளிப்பும் உள்ளே போகாது, வெட்டுறதுதான் வழி. அப்புறம் பாத்ரூம் ஷவருக்குக் கீழே வெச்சு, இலையோட பின்பக்கமும் நனையுற மாதிரி நல்லாக் கழுவுங்க. மண்ணு கரையாம இருக்கத் தொட்டி வாயை ஒரு கவரால கட்டிடுங்க. மேல்மண்ணை ரெண்டு விரக்கடை எடுத்துட்டுப் புதுமண் போடுங்க. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலக்கிறதுக்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். முதல்ல ஒரு இலையில அடிச்சு ரெண்டு நாள் பாருங்க. கருகலைன்னா சாயங்காலமா, பால்கனியில வெச்சுத் தெளிங்க. பக்கத்துல நீல ஒட்டு அட்டை ஒண்ணு வைங்க.

இதை ஒரு தடவை செஞ்சா போதாது. 5, 6 நாளைக்கு ஒரு தடவை, நாலு முறை செய்யணும். முட்டையில இருந்தும் மண்ணுல இருந்தும் வர்றதை வர வரப் பிடிக்கணும், அவ்வளவுதான் ரகசியம். அடுத்து எந்தச் செடி வாங்கினாலும் ரெண்டு வாரம் தனியா வெச்சுப் பார்த்துட்டு உள்ளே எடுங்க. புகையிலையை ஊறவெச்சு அடிங்கன்னு சொல்றாங்களே, அந்தப் பக்கம் போகாதீங்க. நிக்கோடின் தோல் வழியாவே உடம்புக்குள்ள ஏறுற விஷம். இயற்கையில கிடைக்குதுங்கிறதால அது சாதுவாகிடாது.

இவ்வளவு பண்ணியும் செடி போச்சுன்னா? போகட்டும். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க. எங்க நாத்து போனா எங்களுக்கு ஒரு போகம் போச்சு. உங்க மணி பிளான்ட் போனா ஒரு மூலை காலியாகும், அவ்வளவுதான்.

இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. பால்கனியில, சிங்க் அடியில, பழைய பாட்டில்ல பூச்சி மருந்து இருக்கான்னு பாருங்க. இருந்தா சிங்க்லயோ கால்வாய்லயோ ஊத்தாதீங்க. இங்கே கால்வாய்த் தண்ணி கடைசியில ஏதாவது ஒரு ஏரிக்குத்தான் போகுது. செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம்னு ஏரிகளை ஏற்கெனவே பாடாப் படுத்திட்டோம். மூடியை இறுக்கி, "விஷம்"னு பெருசா எழுதி, புள்ளைங்க கைக்கு எட்டாத இடத்துல வைங்க. 2016-ஆம் வருஷக் குப்பை விதியே பூச்சிமருந்து டப்பாவை வீட்டு அபாயக் குப்பைன்னு சொன்னது. அதைத் தனியாத்தான் கொடுக்கணும், உங்க பகுதித் துப்புரவு மேற்பார்வையாளர்கிட்ட கேட்டு ஒப்படைங்க. யாராவது தெரியாம வாயில வெச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108-க்கு அடிங்க, டப்பாவையும் கையோட எடுத்துட்டுப் போங்க.

கீரை வாங்க வரும்போது "மருந்து அடிச்சீங்களா"ன்னு தாராளமாக் கேளுங்க. பதில் சொல்றேன். ஆனா இனிமே நானும் பதிலுக்கு அதே கேள்வியைக் கேட்பேன்.