கெய்சருக்கு ரீஸ்டார்ட் வைத்தியமா?

கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், அக்கம்பக்கத்தில் மிக்ஸி ஓடாவிட்டாலும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். மார்கழி வந்தால் எனக்குக் கெய்சர் கேஸ்கள்தான். "தண்ணி சரியா சுடலை சார். பின்னாடி இருக்கற ரீசெட் பட்டனை அமுக்கினா ரெண்டு நாள் ஓடுது."

இந்தப் பழக்கம் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது என்பது என் சந்தேகம். ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்கிறோம், பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. கெய்சரில் அந்தக் கணக்கு செல்லாது. அந்தப் பட்டன் தெர்மல் கட்-அவுட்டுக்கு உரியது. தெர்மோஸ்டாட் பழுதாகி, சூடு அளவு மீறும்போது மின்சாரத்தைத் துண்டிப்பதுதான் அதன் வேலை. அடிக்கடி துண்டிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. பட்டனை அழுத்திக்கொண்டே காலம் தள்ளுவது வைத்தியமல்ல.

"சரியாகச் சுடவில்லை" என்பதையும் கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 15 லிட்டர் தொட்டி, 2000 வாட் எலிமெண்ட் என்றால் 25 டிகிரி தண்ணீர் 60 டிகிரியைத் தொட ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும். ஐந்தாவது நிமிடமே வாளியை வைத்தால் கெய்சர் என்ன செய்யும்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறதே, அப்படியானால் வோல்டேஜ் சரிதான்" என்று நினைக்கிறார்கள். கம்ப்யூட்டரில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். 180 வோல்ட்டிலும் பெரும்பாலும் சமாளித்துவிடும். கெய்சருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் எலிமெண்ட், 180 வோல்ட்டில் 1225 வாட்தான் தரும். 18 நிமிட வேலை 30 நிமிடமாகும். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மோட்டாரும் ஓடும்போது மட்டும் இந்தத் தொல்லை என்றால், கெய்சரைத் திட்டாதீர்கள்.

வோல்டேஜ் சரியாக இருந்தும் வெதுவெதுப்புதானா? தெர்மோஸ்டாட் திருகை யாராவது குறைத்து வைத்திருக்கலாம். மிக்ஸர் குழாய் சரியாக மூடாமல் பச்சைத் தண்ணீர் கலக்கலாம். போர்வெல் தண்ணீர் வீடுகளில் எலிமெண்ட்மேல் உப்பு கெட்டியாகப் படியும். பிராசஸரின் ஹீட் சிங்க்கில் தூசி அடைத்தது போலத்தான். சூடு வெளியே போக வழியின்றி எலிமெண்டே கருகும்.

கடைசியாக ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கெய்சரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால், "அதை பைபாஸ் பண்ணிடலாம் சார்" என்று சொல்லும் ஆளை உடனே அனுப்பிவிடுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும்படி அதை அமைத்திருப்பது ஈரக் கையோடு நிற்பவருக்காக. கம்ப்யூட்டர் நின்றால் ஒரு ஃபைல் போகும். இங்கே குளியலறைக்குள் இருப்பது உங்கள் குழந்தையாக இருக்கலாம். மெயினை அணைத்து வையுங்கள். எலக்ட்ரீஷியன் வந்து எலிமெண்டையும் எர்த்தையும் சோதிக்கும்வரை அடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்ளலாம்.